பொய் சொல்லும் மஞ்சள் மீட்டர்

காலை பத்து மணிக்கு ஒரு பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மேசை மேல் ஒரு நீளமான ரிஜிஸ்தரை வைத்தார்.

"இதுல நான் எழுதினது அத்தனையும் உண்மைன்னு சாயங்காலம் நாலு மணிக்குள்ள நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்" என்றார்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் அடுத்தவன் சொல்வது பொய் என்று நிரூபிக்கத்தான் கேட்பார்கள். தான் சொல்வது உண்மை என்று நிரூபிக்கச் சொல்லி ஒருவர் வருவது இதுவே முதல் தடவை. மரியாதை தானாக வந்தது. நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

நான் லியோ. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நடக்கும் 'பர்வின் துப்பறியும் நிலைய'த்தின் உதவியாளர். டிரைவர், டைப்பிஸ்ட், டீ வாங்கி வருபவர் ஆகிய பதவிகளையும் கூடுதல் பொறுப்பாக வகிக்கிறேன். பர்வின் மேடம் பன்னிரண்டு வருஷம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நின்ற இடத்தில் நின்ற புளியமரம் வேகமாக வந்து காரில் மோதியது என்று கூசாமல் எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் பார்த்துப் பழகியவர். கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு மேல் விளிம்பு வழியாகப் பார்த்தார் என்றால், எதிரில் இருப்பவருக்குச் செய்யாத தப்பெல்லாம் ஞாபகம் வரும்.

இந்தப் பெண்ணுக்கு எதுவும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. நேராகவே பார்த்தார்.

"எம்பேரு அம்சம். குடவாசல் பக்கத்துல கீழநெடுஞ்சேரி. பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிக்கு நான்தான் ஆப்பரேட்டர். மோட்டார் போடறது, நிறுத்தறது, மூணு வேளையும் வோல்ட் பாத்து எழுதறது. பதினோரு வருஷமா செய்யறேன்."

"சரி. இப்ப என்ன?"

"பத்து நாளைக்கு முன்ன மோட்டார் எரிஞ்சு போச்சுங்க. ஊரே டிராக்டர் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஐந்நூத்திப் பத்து வோல்ட் வந்திருக்காம். நான் வீட்ல உக்காந்துகிட்டே நானூறு, நானூறுன்னு பொய்யா எழுதினேனாம். நாலு மணிக்கு கிராமசபை. என்னை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க."

"ஐந்நூத்திப் பத்து வந்துச்சுன்னு யார் சொன்னது?"

"மீட்டர் சொல்லிச்சு" என்றார் அம்சம்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியும், கேஸை எடுத்துக்கொண்டு விட்டார்.

விஷயம் இதுதான். குணசேகரன் என்று ஒருவர் ஊருக்குள் வந்திருக்கிறார். கையில் மஞ்சள் நிற மல்டிமீட்டர், தோளில் பை நிறைய 'மின்காப்பான்' என்ற கறுப்புப் பெட்டிகள். ஒரு வீட்டு பிளக்கில் மீட்டர் ஒயரைச் சொருகுவார். இருநூற்று எண்பத்தைந்து காட்டும். "ஐயோ, இருநூத்தி முப்பதுதாங்க வரணும், உங்க பிரிட்ஜ் என்னத்துக்கு ஆகும்" என்று வீட்டுக்காரரை விடத் தானே அதிகம் வருத்தப்படுவார். பிறகு பக்கத்துப் பிளக்கில் பெட்டியைச் சொருகி, அதன் தலையில் மீட்டரை வைப்பார். எண் சரசரவென்று இறங்கி இருநூற்று முப்பதில் நிற்கும். பாதி ஊர் வாங்கிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் தியாகராசன் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கே ஒரு பெரிய பெட்டி மாட்டச் சொல்லிவிட்டார்.

"பெட்டி மாட்டினதுக்கு அப்புறமா மோட்டார் எரிஞ்சுது?" என்றேன்.

"எட்டு நாள் கழிச்சு. நான் அதைக் கேட்டேன். பெட்டி வர்றதுக்கு முன்னயே நீ மோட்டாரைப் பாழாக்கிட்டன்னு சொல்லிட்டாங்க."

"இறந்த பிறகு வந்த டாக்டர் மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. நல்ல ஏற்பாடு" என்றேன்.

"லியோ, ஸ்கூட்டரை எடு" என்றார் மேடம்.

அம்சத்தைப் பஸ்ஸில் முன்னால் அனுப்பிவிட்டு, நாங்கள் பெரிய கடைத்தெருவில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போனோம். குணசேகரன் வைத்திருக்கும் அதே மஞ்சள் மீட்டர் அங்கே காராச்சேவுப் பொட்டலம் மாதிரி கொத்தாகத் தொங்கியது. ரெண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசுக்கு ஒன்று. மேடம் மூன்று வாங்கினார்.

"எதுக்கு மேடம் மூணு?"

"ஒரு சாட்சியை வச்சு எந்தக் கேஸாவது ஜெயிச்சிருக்கோமா?"

கடைக்காரர் பிளக்கிலேயே மூன்றையும் வரிசையாகச் சொருகிப் பார்த்தோம். ஒன்று இருநூற்று முப்பத்தொன்று, அடுத்தது முப்பத்துமூன்று, கடைசி இருபத்தெட்டு.

"ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலையே. மூணும் டுபாக்கூர்" என்றேன்.

"மூணும் நேர்மையான சாட்சி. ஒரு விபத்தைப் பார்த்த மூணு பேர் ஒரே மாதிரி சொன்னாதான் எனக்குச் சந்தேகம் வரும். இந்த விலைக்கு அஞ்சு வோல்ட் முன்னப்பின்ன இருக்கலாம். ஐம்பது தப்பாக் காட்டணும்னா யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்."

அங்கேயே ஒரு திருப்புளி வாங்கி ஒன்றின் முதுகைக் கழற்றினார். உள்ளே ஒரு பச்சைப் பலகை, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, மற்றபடி காற்று. வெளியே குமிழைச் சுற்றி ஆயிரம் வோல்ட் வரைக்கும் அளக்கலாம் என்று அச்சடித்திருந்தது. கூடக் கொடுத்த ஒயரைப் பார்த்தால் இடியாப்பத்துக்குக் கொஞ்சம் அண்ணன், அவ்வளவுதான். அதை நம்பி ஆயிரம் வோல்ட்டைத் தொடுகிறவரின் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

"இவ்ளோ இடம் காலியா இருக்கே மேடம். ஒரு குடும்பமே குடி போகலாம்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். யாராவது குடி போயிருப்பாங்க" என்று மூடினார்.

குடவாசல் ரோட்டில் பாதி ரோடு எங்களுக்கு, மீதிப் பாதி நெல்லுக்கு. அறுத்த குறுவையைத் தார் மேல் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். நெல்லை மிதிக்காமல் வளைத்து வளைத்து ஓட்டி நான் கீழநெடுஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. தண்ணீர்த் தொட்டியின் காலடியில் இருந்த மோட்டார் அறை வாசலில் அம்சம் சாவியோடு நின்றிருந்தார்.

அந்த அறையைப் பார்த்ததுமே எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தை விடச் சுத்தம். எரிந்த மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்கள். அது இருந்த சிமென்ட் மேடையைக் கூட அம்சம் கழுவி வைத்திருந்தார்.

"கரண்ட் இருக்கா? அளக்கலாமா?" என்றார் மேடம். "லியோ, நீ வேணும்னா..."

"எனக்குக் கல்யாணமே ஆகலை மேடம்" என்றேன்.

அம்சம் ரப்பர் கையுறையை மாட்டி, மீட்டரைத் தன்னுடைய தடித்த ஒயரில் இணைத்தார். இடது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒவ்வொரு முனையாகத் தொட்டார். ரெண்டு கையையும் உள்ளே விடாதே என்பது கரண்டோடு பழகியவர்களின் வழக்கம். வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறவருக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

மூன்று மீட்டரும் நானூற்று இரண்டு, நானூற்று ஐந்து, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றன. சுவரில் இருந்த பஞ்சாயத்து மீட்டரின் முள் நானூறில் நின்றது. மூன்று பேஸ் மோட்டாருக்கு அதுதான் நியாயமான கணக்கு.

மேடம் ரிஜிஸ்தரைத் திறந்தார். முதல் பக்கத்தில் அறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் அதன் நம்பரோடு எழுதியிருந்தது. சுவிட்சு, ஸ்டார்ட்டர், துடைப்பம் உட்பட. பிறகு நாள்வாரியாக. 'காலை 410. மதியம் 400. மாலை 385.' நடுநடுவே, 'குளவி கூடு கட்டியது, கலைத்தேன்' என்றும் 'பாம்புச் சட்டை கிடந்தது, பாம்பைக் காணோம்' என்றும் இருந்தது.

"பாம்பைக் கண்டுபிடிக்க நம்மளைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

மேடத்தின் விரல் ஒரு வரியில் நின்றது. பதினெட்டாம் தேதி. காலை 405. மதியம் 0.

"இது என்ன சைபர்?"

"அன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன் மேடம். காலைல ஒம்போதுலேருந்து அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இல்லை. மீட்டர்ல சைபர்தானே நிக்கும், அதான் சைபர் எழுதினேன்."

"கரண்ட் இல்லைன்னு தெரிஞ்சும் மதியம் வந்து பார்த்தீங்களா?"

"மூணு வேளை பாக்கணும்னு தானே எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் அம்சம், இதில் என்ன கேள்வி என்கிற மாதிரி.

அந்த நிமிஷமே இந்தப் பெண்ணுக்காக நெருப்பில் இறங்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மின்காப்பான் பெட்டி மாட்டியிருந்த இடத்தில், அதன் ஓரமாக நாலு பழைய திருகாணி ஓட்டை தெரிந்தது.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பிரிவென்டருங்க. மூணு பேஸ்ல ஒண்ணு போச்சுன்னா தானா மோட்டாரை நிறுத்திடும். இந்தப் பெட்டி மாட்ட இடம் பத்தலைன்னு கழட்டச் சொன்னாங்க. நான் வேணாம்னு சொல்லிப் பாத்தேன். தலைவரு, பத்திரமா இருக்கட்டும்னு அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"மோட்டார் எரிஞ்ச அன்னைக்கு?"

"ஒரு பேஸ் போச்சு. காக்கா அடிபட்டு பியூஸ் போயிருக்கு. நான் ஓடியாந்து நிறுத்தறதுக்குள்ள புகைஞ்சு போச்சு." அவர் காலியான சிமென்ட் மேடையைப் பார்த்தார். "பதினோரு வருஷமா ஒரு நாள் அந்த மோட்டார் சூடானதில்லைங்க."

மேடம் அவருடைய தோளைத் தொட்டார். "குணசேகரன் இந்த ஊர்ல முதல்ல அளந்தது யார் வீட்ல?"

"ஃபிளோரா டீச்சர் வீடுங்க. மாதா கோயில் பக்கத்துல."

வாய்க்கால் கரையோடு நடந்தோம். வழியில் தலைவர் தியாகராசனின் வயல். அடுத்த போகமான தாளடியின் நாற்றங்காலுக்கு அவருடைய மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கால் கழுவி வருகிறேன் என்று மேடம் கொட்டகைப் பக்கம் போனார். நான் நிழலில் நின்றேன். கால் கழுவுகிறவர் எதற்கு செல்போனைக் கையில் எடுத்தார் என்று அப்போது யோசித்திருந்தால் நானும் ஒரு நிலையம் ஆரம்பித்திருப்பேன்.

ஃபிளோரா டீச்சர் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கும் அவர்தான் பொறுப்பு. எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஹாலில் மின்காப்பான் ஒன்று பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"ஹால்ல இருநூத்தி எண்பத்தஞ்சு காட்டுச்சுங்க. அடுப்படில வச்சப்பதான் அதிசயம்" என்றார்.

"என்ன அதிசயம்?"

"பிரிட்ஜுக்கு எவ்வளவு வருதுன்னு பாப்போம்னு மீட்டரை பிரிட்ஜ் தலைமேல வச்சாரு. பெட்டியே சொருகலை. ஆனா இருநூத்தி இருபத்தொம்போதுதான் காட்டிச்சு. அந்தத் தம்பிக்கே வேர்த்துப் போச்சு. உங்க அடுப்படிக்கு மாதா அருள் இருக்கு டீச்சர், இங்க பெட்டியே வேணாம்னு சொல்லிட்டு அவசர அவசரமா எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. நான் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன்."

"ஹாலுக்கு மட்டும் அருள் பத்தலையா டீச்சர்?" என்றேன்.

"அதான் பெட்டி வாங்கிட்டேனே" என்றார், கொஞ்சம் கோபமாக.

மேடம் அடுப்படிக்குப் போனார். சின்ன பிரிட்ஜ். எல்லா வீட்டையும் போல அதன் தலையில் பூப்போட்ட துணி உறை. ஃபேன் காற்றில் உறை பறக்காமல் இருக்க, வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா பொம்மைகள் நாலு மூலையிலும், நடுவில் ஒன்றும் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வட்டக் காந்தம். மேடம் ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார்.

"டீச்சர், மைக்ல போடற ஒன்பது வோல்ட் பேட்டரி, தீர்ந்து போனது இருக்கா?"

டீச்சர் ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்தார். எல்லாம் நீளமான பிரசங்கங்களில் உயிர் விட்டவை. மேடம் முதலில் எங்கள் மீட்டர் ஒன்றை அடுப்படிப் பிளக்கில் சொருகி அளந்தார், பிறகு டப்பாவிலிருந்த பேட்டரி ஒன்றை அதற்குள் போட்டு, அதே பிளக்கில் சொருகினார். ஐந்து நிமிஷம் முன்பு இருநூற்று முப்பது சொன்ன மீட்டர் இப்போது இருநூற்று அறுபத்தாறு என்றது.

"இந்த மாதிரி மலிவு மீட்டருக்கு இது ஒரு வியாதி. தன் பேட்டரி குறையக் குறைய, ஊர் கரண்டைக் கூட்டிச் சொல்லும்" என்றார்.

"தனக்குத் தெம்பில்லாதவன் அடுத்தவன் பலத்தை ஊதிச் சொல்ற மாதிரி. கண்டுபிடிச்சாச்சு, கிளம்பலாமா?"

"ஏறினது சரி லியோ. பெட்டியில வச்சதும் இறங்குச்சே, அது எப்படி? செத்த பேட்டரி திடீர்னு பிழைக்காது." அவர் ஹாலுக்கு வந்தார். "டீச்சர், இந்தப் பெட்டியைத் திறக்கட்டுமா?"

டீச்சர் தலையாட்ட, நான் திறந்தேன். பச்சை விளக்கு ஒன்று, அதற்கு ஒயர் ரெண்டு. மிச்சமெல்லாம் மணல். பெட்டிக்குக் கனம் வேண்டுமே என்று நல்ல ஆற்று மணலை நிரப்பியிருந்தான் புண்ணியவான். நான் அதைச் செய்தித்தாளில் கொட்டினேன்.

"காவிரி மணல் டீச்சர். பெட்டியில மதிப்புள்ள சாமான் இது ஒண்ணுதான். பத்திரமா வைங்க, வீடு கட்டறவங்க கேட்டு வருவாங்க."

மேடம் மணலுக்குள் விரலை விட்டு, உளுந்து வடை அளவில் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தார். அது அவர் கையிலிருந்த திருப்புளியைப் பட்டென்று பிடித்துக்கொண்டது. அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், உங்க மாதாவை நாலு மணிக்கு மட்டும் இரவல் தருவீங்களா?"

கிராமசபை பஞ்சாயத்து அலுவலக வாசலில், பந்தலுக்கு அடியில். தலைவர் தியாகராசன் நடு நாற்காலியில். முதல் பொருள், குணசேகரனுக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டுவது. இரண்டாம் பொருள், அம்சத்தை நீக்குவது. மூன்றாம் பொருள், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் மின்காப்பான் வாங்குவது. பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. குணசேகரன் இஸ்திரி போட்ட சட்டையில், பார்த்தால் பெண் கொடுக்கலாம் என்கிற மாதிரி இருந்தார். குடத்தோடு வந்திருந்த பெண்கள் அம்சத்தை முறைத்தார்கள். அவர் ரிஜிஸ்தரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"ஏ அம்சம், முன்னால வா. எதாவது சொல்றதா இருந்தா சொல்லு" என்றார் தலைவர்.

"அவங்க சார்பா நான் பேசறேன்" என்று மேடம் எழுந்தார். "முதல்ல ஐயா ஒரு தடவை அளந்து காட்டட்டும். நாங்க கும்பகோணம், இதெல்லாம் பார்த்ததில்லை."

குணசேகரன் மகிழ்ச்சியோடு மஞ்சள் மீட்டரை மேசை மேல் வைத்து அலுவலகப் பிளக்கில் சொருகினார். இருநூற்று எண்பத்துநாலு. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"கிட்ட வந்து பாக்கலாமா? எனக்குக் கண்ணு கொஞ்சம் மட்டம்" என்று மேடம் மேசை மேல் கையை ஊன்றிக் குனிந்தார்.

இருநூற்று இருபத்தெட்டு.

"அட, இறங்கிடுச்சே. பெட்டியை இன்னும் சொருகவே இல்லையே."

குணசேகரன் மீட்டரைத் தட்டினார். மேடம் நகர்ந்தார், எண்பத்துநாலு. குனிந்தார், இருபத்தெட்டு. மூன்றாம் தடவை பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மேடம் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். வேளாங்கண்ணி மாதா இருந்தார். முன்வரிசையில் ஒருவர் அவசரமாகச் சிலுவை போட்டார்.

"மாதாவை இதுல இழுக்க வேணாம். முதுகுல இருக்கற காந்தம்தான் வேலை பார்த்துச்சு. பெட்டிக்குள்ளயும் ஒரு காந்தம்தான் இருக்கு, மிச்சம் மணல். லியோ, மீட்டரைக் கழட்டு."

குணசேகரன் தடுப்பதற்குள் கழற்றிவிட்டேன். பச்சைப் பலகைக்குப் பின்னால், நெல்லை விடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் மயிரிழை மாதிரி ரெண்டு தகடு.

"இதுதான் உள்ள குடி வந்த ஆசாமி" என்றார் மேடம். "காந்தம் கிட்ட வந்தா ரெண்டு தகடும் ஒட்டிக்கும், மீட்டர் உண்மை பேசும். காந்தம் போனா பிரிஞ்சிடும், கால் பங்கு கூட்டிப் பேசும். கைவேலை சுத்தமா இருக்கு. இவ்வளவு திறமைக்கு நேர்மையா ஒரு ரிப்பேர் கடை வச்சிருந்தா நல்லா வந்திருப்பீங்க தம்பி."

நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குணசேகரனோ தோளில் இருந்த பொன்னாடையைச் சரி செய்துகொண்டார்.

"மலிவு மீட்டருங்க. எவனோ இப்படிப் பண்ணி எங்கிட்ட வித்திருக்கான். நானும் ஏமாந்தவன்தான். சரி, மீட்டர் தப்பாவே இருக்கட்டும். இந்தம்மா எழுதினது மட்டும் சரியா?" என்றவர் ரிஜிஸ்தரை வாங்கிப் பரபரவென்று புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். "பதினெட்டாம் தேதி மதியம், சைபர். அதே தேதி, அதே பன்னிரண்டு மணிக்கு, தலைவர் முன்னிலையில நான் மோட்டார் ரூம்ல அளந்தேன். ஐந்நூத்திப் பத்து. கால் பங்கு கழிச்சுக்குங்க, நானூறுதான் வெச்சுக்குங்க. சைபர் எப்படிங்க வரும்? அன்னைக்கு ரூம் பக்கமே இவங்க வரலை. என் மீட்டர் கூட்டித்தான் சொல்லிச்சு. இவங்க இல்லாததையே எழுதியிருக்காங்க."

பந்தல் சலசலத்தது. "அதான் நான் சொன்னேன்" என்று தலைவருக்கு உயிர் வந்தது. "நான் பக்கத்துலேயே நின்னேன். சர்ட்டிபிகேட்ல என் கையெழுத்து இருக்கு. பாத்தியா அம்சம், இப்ப என்ன சொல்ற?"

அம்சம் ரெண்டடி முன்னால் வந்தார். அவர் சொல்ல ஆரம்பித்தது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேடம் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொஞ்சம் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. தேதி, கிழமை, நேரம்."

எழுத்தர் படித்தார். "பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி, மோட்டார் அறையில், தலைவர் முன்னிலையில், ஐந்நூற்றுப் பத்து வோல்ட்."

"ஃபிளோரா டீச்சர், அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

டீச்சர் எழுந்தார். "இட்லிக்குப் போட்டிருந்தேன். அரிசி பாதி அரைஞ்சப்ப கிரைண்டர் நின்னு போச்சு. அன்னைக்கு ஷட்டவுன் ஆச்சே. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வந்துச்சு, மாவு புளிச்சுப் போச்சு."

குடம் வைத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆமா, என் வீட்ல மிக்ஸி, என் வீட்ல தையல் மிஷின் என்று ஒவ்வொரு குரலாகக் கிளம்பியது. கீழநெடுஞ்சேரியின் மொத்தப் புளித்த மாவும் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

"ஊர்ல யார் வீட்லயும் கரண்ட் இல்லாதப்ப ஐந்நூத்திப் பத்து வோல்ட்" என்றார் மேடம். "தலைவரே, அன்னைக்கு உங்க வீட்ல மட்டும் ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஊர்லயே இன்வெர்ட்டர் இருக்கற வீடு அது ஒண்ணுதான்னு டீச்சர் சொன்னாங்க. ஷட்டவுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃபேனுக்கடியில உக்காந்து, மோட்டார் ரூம் பக்கமே போகாம ரெண்டு பேரும் எழுதின சர்ட்டிபிகேட் இது. அன்னைக்கு அந்த ரூமுக்குப் போய் மீட்டரைப் பார்த்தவங்க இந்த ஊர்ல ஒருத்தங்கதான். அவங்கதான் சைபர் எழுதினாங்க."

குணசேகரன் செருப்பைத் தேடினார். நான் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு" என்று மேடம் செல்போனை எடுத்தார். "மோட்டாரைக் காப்பாத்தியிருக்க வேண்டிய பிரிவென்டரோட நம்பர் இந்த ரிஜிஸ்தர்ல முதல் பக்கத்துல இருக்கு. கடைசி நாலு எண், எழுபத்திரண்டு பதினாறு. தலைவர் பத்திரமாத்தான் வச்சிருக்காரு. அவர் வயல் மோட்டார் கொட்டகையில மாட்டி, நல்லா வேலை செய்யுது. படம் எடுத்துட்டு வந்திருக்கேன்."

தியாகராசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டைக் கீழே இறக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி காலிக்குடத்தைக் கொண்டுபோய் அவர் மேசை மேல் ணங்கென்று வைத்தாள். இரண்டாவது குடம் வந்தது. மூன்றாவது வந்தது. ஐந்தாவது குடத்துக்கு மேசையில் இடமில்லை.

"சரி சரி. இரண்டாம் பொருள் தள்ளுபடி" என்றார் அவர் துண்டுக்குள்ளிருந்து. பிறகு அம்சத்தின் பக்கம் திரும்பினார். "அந்த பிரிவென்டரை இப்பவே கழட்டிக் கொண்டாந்து மாட்டச் சொல்றேன். நீங்க... நீங்க எழுதிக்குங்கம்மா."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அம்சத்துக்கு வந்த முதல் 'ங்க' அதுதான் என்று ஃபிளோரா டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார்.

அம்சம் அழவில்லை. மேசையில் இருந்த குடங்களை ஓரமாக நகர்த்தினார். ரிஜிஸ்தரை விரித்து, தலைவரின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்து, நிதானமாக எழுதினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

'மாலை 5. வோல்ட் இனிமேல்தான் போய்ப் பார்க்க வேண்டும். தலைவர் வயலில் இருந்த பிரிவென்டர் திரும்பி வருகிறது. கிராமசபையில் பாம்பைப் பார்த்தேன்.'